லண்டனில் சப்ளை டீச்சர் வேலையா, வேறு வேலையா? பெரம்பூர் தோழியோடு போட்ட கணக்கு

ஒன்பது வருஷம் பெரம்பூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்தேன். காலை மணி அடித்துப் பத்து நிமிஷத்தில் ப்யூன் அண்ணன் சப்ஸ்டிட்யூஷன் நோட்டோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார். "மிஸ், மூணாவது பீரியட், எட்டாங்கிளாஸ் பி" என்று நீட்டுவார், கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு இருந்த ஒரே ஃப்ரீ பீரியடும் அதில் போய்விடும். இப்போது மூன்று வருஷமாகக் கிழக்கு லண்டனில் அதுவே எனக்கு முழுநேர வேலை. யாரோ ஒரு டீச்சருக்குக் காய்ச்சல், அன்றைக்கு அவர் வகுப்புக்கு நான். அங்கே இதைச் சப்ளை டீச்சிங் என்பார்கள்.

ஜூலை கடைசியில் பள்ளி மூடியதும் ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள் பழைய ஸ்டாஃப் ரூம் தோழி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் ஃபிசிக்ஸ், என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டுக்காரர் ஸ்டாஃப் நர்ஸ், இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் வேலை கிடைத்துவிட்டது. யு.கே.ஜி. படிக்கிற பொண்ணு ஒன்று. "அக்கா, நானும் உங்கள மாதிரி சப்ளைக்குப் போகட்டுமா? இல்ல டீச்சிங் அசிஸ்டென்ட், அதான் டி.ஏ. வேலை சுலபமா கிடைக்கும்னு சொல்றாங்களே, அதுக்குப் போகவா? அதுவும் வேணாம்னா வீட்ல உக்காந்து நம்ம பசங்களுக்கே ஆன்லைன்ல டியூஷன் எடுக்கவா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். இதே கேள்வியோடு வியாசர்பாடியிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் இன்னும் சிலர் போன் பண்ணுவதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் விசா, அது சரியாக இல்லாவிட்டால் மற்றதைப் பேசிப் பயனில்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசாவிலோ, நர்ஸுக்குக் கொடுக்கும் ஹெல்த் அண்ட் கேர் விசாவிலோ கணவன் போனால், டிபென்டன்டாக, அதாவது அவரைச் சார்ந்தவராகப் போகும் மனைவி எந்தப் பள்ளியிலும் வேலை பார்க்கலாம், தனி அனுமதி தேவையில்லை. என் தோழிக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் கேர் வொர்க்கராக (முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை) 2024 மார்ச் 11-க்குப் பிறகு போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியவில்லை, 2025 ஜூலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. இன்னொன்று, சப்ளை டீச்சர் வேலையைக் காட்டியே தனியாக விசா வாங்க முடியாது. நாள் கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஸ்பான்சர் பண்ண இயலாது. "பணம் கட்டுங்க, சப்ளை டீச்சர் விசா வாங்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, சப்ளை வேலைக்கு வருகிறேன். நாள் எப்படிப் போகும் என்று தெரியாமல் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஜனவரி மாதம். ஏழு மணிக்கு வெளியே இன்னும் இருட்டு. ஏழு பத்துக்கு ஏஜென்சியிலிருந்து போன்: பள்ளியின் பெயர், போஸ்ட்கோடு, எட்டேகாலுக்குள் ரிசப்ஷனில் இருக்க வேண்டும். டிபன் பாக்ஸில் இட்லியை அடைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஓடுவேன். ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டையும் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றிதழையும் பார்த்துவிட்டுக் கழுத்தில் ஒரு அட்டை மாட்டுவார்கள். நான் கணக்கு டீச்சர், ஆனால் அன்றைக்கு முதல் பீரியட் ஒன்பதாம் ஆண்டுக்கு அறிவியல். மேஜையில் ஒர்க்‌ஷீட் கட்டு, இருக்கை வரைபடம், போர்டில் எழுத ஒரு மார்க்கர்கூட இல்லை (இப்போதெல்லாம் பையில் நாலு மார்க்கர் வைத்துக்கொண்டுதான் போகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்). பெரம்பூரில் 52 பிள்ளைகள் இருந்த வகுப்பில் டஸ்டரை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அமைதியாகிவிடும். லண்டனில் 28 பேர்தான், ஆனால் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பின்வரிசைப் பையன் கேட்டான்: "மிஸ், நீங்க நிஜ டீச்சரா, சப்ளையா?" அந்தக் கேள்வி முதல் மாதம் முழுக்க என்னை வாட்டியது. அன்றைக்கு ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து மெதுவாக, "மிஸ், நீங்கள் தமிழோ?" என்றாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் தலையாட்டியதும் வரைபடத்தில் விரல் வைத்து, இடம் மாறி உட்கார்ந்திருந்த மூன்று பையன்களைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்த மூன்று பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் இடத்துக்கு அனுப்பியதும் வகுப்பு என் கைக்கு வந்தது.

மூன்றேகாலுக்கு வேலை முடிந்தது. திருத்த நோட்டு இல்லை, பெற்றோர் கூட்டம் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போக எதுவுமே இல்லை. ஒன்பது வருஷம் நோட்டுக் கட்டைச் சுமந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கும் டீச்சர்களுக்குத் தெரியும். சப்ளையில் நான் மனசாரச் சந்தோஷப்படுவது இதில்தான்.

இனி பணம். அரசுப் பள்ளி நேரடியாக ஒரு சப்ளை டீச்சரை வைத்தால், வருஷச் சம்பளத்தை 195-ஆல் வகுத்து ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கிலாந்தில் ஆசிரியரின் வேலை ஆண்டு 195 நாள். 2024 செப்டம்பரில் தொடங்கிய கல்வியாண்டில், லண்டனுக்கு வெளியே, கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதி உள்ளவருக்குத் தொடக்கச் சம்பளம் 31,650 பவுண்டு. வகுத்தால் நாளுக்கு 162 பவுண்டு வரும். தகுதி இல்லாதவருக்கான தொடக்க நிலை 21,731, நாளுக்கு 111. ஆனால் வேலையில் பெரும்பகுதி ஏஜென்சி வழியாகத்தான் வருகிறது, அவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டாயமில்லை. எனக்கு முதல் ஏஜென்சி கொடுத்தது 115.

இதில் அம்பரெல்லா கம்பெனி என்று ஒன்று, ஏஜென்சிக்குப் பதிலாக நம்மை ஊழியராக எடுத்துச் சம்பளம் போடுவது, நடுவில் வரும், அங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஏஜென்சி போனில் "நாளுக்கு 150" என்கிறது. அம்பரெல்லா வழியாகச் சம்பளம் வந்தால் அந்த 150-இலிருந்தே முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகப் பாதுகாப்புக் கட்டணம்), அப்ரென்டிஸ்ஷிப் லெவி (தொழில் பயிற்சிக்கான வரி), கம்பெனியின் கட்டணம் எல்லாம் போய், மிச்சத்துக்குத்தான் நம் வரி போடுவார்கள். நேஷனல் இன்ஷூரன்ஸில் முதலாளி பங்கு 2025 ஏப்ரலில் 13.8 சதவீதத்திலிருந்து 15-ஆக ஏறிவிட்டது, அதையும் நம் தலையில்தான் கட்டுகிறார்கள். லீவு சம்பளம் என்று தனியாகக் காட்டுவதும் பெரும்பாலும் அதே 150-க்குள் அடங்கியதுதான். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். அதனால் சேரும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: ஏஜென்சியே நேரடியாக பே ரோலில் எடுக்குமா, அப்புறம் கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் எங்கே. கையில் எவ்வளவு வரும் என்று மாதிரிக் கணக்குப் போட்டு அந்தக் காகிதத்தைக் கொடுப்பது 2020 ஏப்ரலிலிருந்து சட்டப்படி கட்டாயம். ஒரே பள்ளியில் ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால், அந்தப் பள்ளி நேரடியாக வைத்திருந்தால் என்ன கொடுத்திருக்குமோ அதே சம்பளம் உங்களுக்கும் வர வேண்டும். நடுவில் பள்ளி விடுமுறை வந்தால் கணக்கு அங்கேயே நின்று தொடரும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்காது. இதை ஏஜென்சி தானாக ஞாபகப்படுத்தும் என்று காத்திருக்க வேண்டாம், டைரியில் நீங்களே எண்ணுங்கள்.

நாள் சம்பளத்தைவிட முக்கியம், வேலை இல்லாத நாள். போன கல்வியாண்டில் நான் வேலைக்குப் போனது 121 நாள். செப்டம்பரில் டீச்சர்கள் எல்லோரும் லீவு முடிந்து தெம்பாக வருவார்கள், போன் அடிக்கவே அடிக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை சளியும் காய்ச்சலும், தினமும் வேலை. ஜூனில் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வு முடித்துப் போய்விடுவதால் அந்த டீச்சர்களே மற்ற வகுப்பைப் பார்த்துக்கொள்வார்கள், மறுபடி காய்ந்துவிடும். கோடை விடுமுறை ஆறு வாரம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஒவ்வொரு டெர்ம் நடுவிலும் ஒரு வாரம், எதற்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர் பென்ஷன் திட்டத்திலும் ஏஜென்சி ஆள் சேர முடியாது. வீட்டில் இன்னொரு நிலையான சம்பளம் இருந்தால் மட்டும் இது சரிப்படும். வாடகை இந்தப் பணத்தை நம்பித்தான் என்றால் சப்ளை வேண்டாம்.

தோழி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாளைக்கு 115-னா கூட நம்ம ஊரு கணக்குக்குப் பெருசுதானே அக்கா" என்றாள். பெரிசுதான். ஆனால் நான் அவளிடம் வேறு ஒன்று கேட்டேன்: ஏழு பத்துக்கு போன் வந்தால் குழந்தையை யார் பள்ளியில் விடுவது? எட்டேகாலுக்கு நீ பஸ்ஸில் எங்கேயோ இருப்பாய், குழந்தைக்குப் பள்ளி திறப்பதே எட்டே முக்கால். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட் என்றால் அவர் இன்னும் வார்டிலிருந்து வந்திருக்க மாட்டார். பள்ளி திறக்கும் முன்பே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ப்ரெக்ஃபாஸ்ட் கிளப்பில் விடலாம், ஆனால் அதற்கு முன்கூட்டி இடம் பிடிக்க வேண்டும், வேலை வருமா வராதா என்றே காலையில்தான் தெரியும் என்றால் எப்படிப் பிடிப்பது? நான் போனபோது என் பையனுக்கு 13 வயது, அவனே கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். எனக்குச் சரிப்பட்டது அவளுக்குச் சரிப்படாது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "இத யாருமே சொல்லலக்கா" என்றாள்.

அதனால் அவளுக்கு நான் சொன்னது கவர் சூப்பர்வைசர் வேலை. இதுவும் லீவு எடுத்த டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதுதான், ஆனால் ஒரே உயர்நிலைப் பள்ளியில், நிரந்தர ஆளாக. பாடம் தயாரிக்க வேண்டாம், டீச்சர் வைத்துவிட்டுப் போன வேலையை வகுப்பு செய்கிறதா என்று பார்த்தால் போதும், கியூ.டி.எஸ். தேவையில்லை. சம்பளம் டீச்சரைவிடக் குறைவு, நல்ல நாள் சப்ளைச் சம்பளத்தைவிடவும் குறைவு. ஆனால் பெரும்பாலான பள்ளிகள் வருஷச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுப்பதால் ஆகஸ்டிலும் வங்கியில் பணம் விழும், உள்ளாட்சிப் பென்ஷன் திட்டத்திலும் சேர்ப்பார்கள். தினமும் அதே கட்டடம், அதே நேரம், ப்ரெக்ஃபாஸ்ட் கிளப்புக்கு மாதம் முழுக்க இடம் சொல்லி வைக்கலாம். ஒரு டெர்ம் போனால் பிள்ளைகளுக்கு உங்கள் பேர் தெரிந்துவிடும். வகுப்பை அடக்குவதற்கு இதைவிடப் பெரிய பலம் எதுவும் இல்லை. அவள் ஃபிசிக்ஸ் வேறு. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஃபிசிக்ஸ் டீச்சருக்கு நல்ல தட்டுப்பாடு. உள்ளே ஒரு ஃபிசிக்ஸ் பட்டதாரி நடமாடுகிறார் என்று ஹெட் டீச்சருக்குத் தெரிந்தால் அடுத்த வருஷம் வகுப்பையே கொடுப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

டி.ஏ. வேலை பெரும்பாலும் தொடக்கப் பள்ளியில். கிடைப்பது சுலபம், சம்பளம் எல்லாவற்றிலும் குறைவு. குழந்தை படிக்கும் பள்ளியிலேயே கிடைத்துவிட்டால் போக்குவரத்துப் பிரச்சினையே இல்லை, அந்த ஒரு காரணத்துக்காக முதல் வருஷம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்தியவள் இன்னொரு டீச்சர் சொல்கிற வேலையைச் செய்துகொண்டு மூன்று, நாலு வருஷம் இருந்தால் மனசு சுருங்கிப்போகும். லண்டனில் எங்கள் தெருவிலேயே அப்படி இருவரைப் பார்க்கிறேன்.

ஆன்லைன் டியூஷனில் நேரம் அழகாகப் பொருந்துகிறது. கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். குழந்தை பள்ளியில் இருக்கும் 12 மணியிலிருந்து 3 மணி வரை, பெரம்பூரில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து டியூஷனுக்கு உட்காரும் நேரம். ஆனால் ஆறு பிள்ளைக்குத் தலைக்கு 1,500 ரூபாய் என்றாலும் மாதம் 9,000. பவுண்டில் மாற்றினால் சப்ளைக்குப் போகும் ஒரே ஒரு நாள் சம்பளம்கூட வராது. அங்கேயே இருக்கும் பிள்ளைகளுக்கு எடுத்தால் மணிக்கணக்கில் நல்ல காசு, ஆனால் அந்த ஊர் பாடத்திட்டம் கைவர ஒரு வருஷமாவது ஆகும். ஒரு வரி ஆண்டில் 1,000 பவுண்டுக்கு மேல் போனால் சுயதொழிலாகப் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். என் கவலை வேறு. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால், இரண்டு வருஷம் கழித்து ஒரு பள்ளியில் வேலை கேட்கும்போது "இங்கே யார் உங்களைப் பற்றிச் சொல்வார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

ஒரு வருஷம் இங்கேயே இருந்துவிட்டு அப்புறம் போகலாமா என்றும் கேட்டாள். அவள் மாமியாரின் யோசனை அது. அரசுப் பள்ளிகளில் காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கிறார்களே, அதற்குப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று. 2022-ல் அதை ஆரம்பித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். குழந்தை ஒரு வருஷம் அப்பாவைப் பிரிந்து இருப்பதற்கு அது ஈடாகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கியூ.டி.எஸ்.க்கு விண்ணப்பித்துவிடச் சொன்னேன். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு எடுக்கத் தகுதி இருப்பவர்கள் மட்டும். அது வரும்வரைகூட, வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர் அரசுப் பள்ளியில் நாலு வருஷம் வரை வகுப்பெடுக்க விதியில் இடம் உண்டு.

காகிதங்களைச் சென்னையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அண்ணனையும் மச்சானையும் அலைய விடுவது கொடுமை. டிகிரி டிரான்ஸ்கிரிப்ட்டுக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். பி.எட்.டுக்கு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் காரப்பாக்கத்தில், பெரம்பூரிலிருந்து ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை, ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே எந்தப் பள்ளியும் ஏஜென்சியும் கேட்கும். அங்கே போனதும் எடுக்கும் டி.பி.எஸ். சான்றிதழை, அதில் போட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸ் என்ற ஆன்லைன் சேவையில் பதிந்துவிட்டால் ஏஜென்சி மாறும்போதெல்லாம் புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

அனுபவச் சான்றிதழ்தான் இழுத்தடிக்கும். எந்தப் பாடம், எந்த வகுப்புகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழு நேரமா என்று லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும், பள்ளியின் பெயரில் இயங்கும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும், அங்கிருந்து கடிதம் எழுதிக் கேட்பார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் சேரும்போதே என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா கையில் வந்த பிறகும், கல்வியாண்டு முடியட்டும் என்று சொல்லியே ஏழு வாரம் நடக்கவிட்டார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அனுபவச் சான்றிதழையும் ஒரிஜினல்களையும் முதலில் வாங்குங்கள்.

வேறு நாடு போகிறவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கொடுப்பது) இருந்தால், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான் வேலை அனுமதி கிடைக்கும், அது இல்லாமல் ஒரு நாள்கூடப் பதிலி வகுப்பு எடுக்கக் கூடாது. கம்பெனியே மாற்றல் கொடுத்து எல்-1 விசாவில் அனுப்பியவரின் மனைவிக்கு (எல்-2) அந்தத் தடை இல்லை. பதிலி டீச்சருக்கு என்ன தகுதி என்பது அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர் 2021 மே முதல் தனி வொர்க் பாஸ் இல்லாமல் வேலைக்குச் சேர முடியாது. ஆஸ்திரேலியாவில் அந்தந்த மாநிலத்தில் ஆசிரியராகப் பதிவு செய்தால்தான் வகுப்புக்குள் போக முடியும். ஆசிரியராகவே குடியேறப் போகிறவர் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் பேசுவதிலும் கேட்பதிலும் 8 எடுக்க வேண்டும், லேசான மார்க் இல்லை, ஆறு மாதம் முன்னாலேயே பயிற்சி ஆரம்பியுங்கள். துபாய், அபுதாபி போகிறவர்கள் சர்டிஃபிகேட்டுக்கு அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சக முத்திரை) மட்டும் போட்டால் செல்லாது, தூதரக அட்டெஸ்டேஷன் வரை போக வேண்டும். கணவர் ஸ்பான்சர்ஷிப்பில் இருந்தாலும் வேலைக்கு வொர்க் பெர்மிட் எடுத்தாக வேண்டும்.

தோழி இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முதல் மாதம் எந்த வேலையும் இல்லை, குழந்தை பள்ளிக்குப் பழகட்டும். அதற்கப்புறம் கவர் சூப்பர்வைசர் வேலைக்கு மட்டும் விண்ணப்பம், வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய பள்ளிகளுக்கு. கிறிஸ்துமஸ் வரை அமையவில்லை என்றால் வாரத்தில் மூன்று நாள், முதல் நாளே உறுதி சொல்லும் சப்ளை மட்டும், காலை போன் வேண்டாம் என்று ஏஜென்சியிடம் எழுதிக் கொடுத்துவிடுவது. ஆகஸ்ட் கடைசியில்தான் எனக்கு ஃப்ளைட். திங்கட்கிழமை காலை அவள் பள்ளியில் லீவு சொல்லிவிட்டாள், இரண்டு பேருமாகக் காரப்பாக்கம் போகிறோம்.